ஏரி தெரியாத ஏரிக்கரைக் கல்யாணம்!

கொடைக்கானலில் காலை எட்டரை மணி. ஏரிக்கரை விடுதியின் புல்வெளியில் வாழைமரம் கட்டிய ஒரு சின்னப் பந்தல், நாற்பது நாற்காலிகள். மேடை இல்லை, மைக் செட் இல்லை. பட்டுப்புடவைக்கு மேல் ஸ்வெட்டர் போட்ட சித்திகளும் அத்தைகளும் சுக்குக் காபியோடு கதை பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லாம் இருந்தது, ஏரியைத் தவிர! பனிமூட்டம் அதை முழுசாக மூடியிருந்தது.

"ஏரி தெரியணும்னுதானே தம்பி இவ்வளவு தூரம் வந்தோம்?" பெண்ணின் அப்பாவுக்குக் கவலை. மதுரையிலிருந்து வத்தலக்குண்டு வழியாக வளைந்து வளைந்து மலையேறி வந்த குடும்பம் அது.

"அது வர்றப்ப வரட்டும் சார்" என்று சிரித்தார் போட்டோகிராபர்.

இந்த ஏரி இயற்கையாக அமைந்ததல்ல. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-ல் ஓடைகளை மறித்து உருவாக்கியது. சுமார் 60 ஏக்கர் பரப்பு, கரையைச் சுற்றி வந்தால் 5 கிலோமீட்டர். நட்சத்திரம்போலக் கைகள் நீட்டிக் கிடப்பதால், படகுத் துறையின் கூட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளிப் போனாலே அமைதியான ஒரு வளைவு கிடைத்துவிடும். கல்யாணப் படம் எடுப்பவர்கள் தேடுவது அந்த வளைவைத்தான்.

ஆனால் சுமார் 7,000 அடி உயரத்தில் படம் எடுப்பதற்குத் தனிப் பக்குவம் வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். அதனால் மாற்று பேட்டரிகள் அவருடைய உள்சட்டைப் பையில் இருந்தன. சில்லென்றிருக்கும் கேமராவைக் கதகதப்பான அறைக்குள் சட்டென்று கொண்டுபோனால் லென்ஸில் நீர் பூக்கும், பையோடுதான் கொண்டுபோக வேண்டும். பனியின் வெண்மையைப் பார்த்து கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும், வெளிச்ச அளவைக் கொஞ்சம் கூட்டிவைக்க வேண்டும். பனியால் ஒரு லாபமும் உண்டு. முகத்தில் கடுமையான நிழல் விழாது.

விடியற்காலைக் குளிர் பெரியவர்களுக்கு ஆகாது என்று ஒன்பது மணிக்கு மேல்தான் முகூர்த்தம் வைத்திருந்தார்கள். ஐயர் ஹோமத்தைத் தொடங்கியதும் மணப்பெண் சுற்றிலும் பார்த்தாள்.

"அப்பத்தா எங்கே?"

அப்பத்தா விடுதித் திண்ணையில் போர்வையோடு உட்கார்ந்திருந்தார். தாத்தா போன பிறகு எந்தக் கல்யாணத்திலும் தாலி கட்டும் நேரத்தில் அவர் முன்னால் நின்றதில்லை. மண்டபம் என்றால் கடைசி வரிசைக்கோ சாப்பாட்டுக் கூடத்துக்கோ போய்விடுவார். கூட்டத்தில் யாருக்கும் தெரியாது. இங்கே நாற்பதே பேர். ஒதுங்கி நிற்க ஒரு மூலைகூட இல்லை.

"நான் இங்கேயே இருக்கேன்த்தா. குளிருது."

"குளிருதுன்னா இங்க வாங்க. நெருப்புக்கிட்ட கதகதப்பா இருக்கும்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஐயர் பூத்தட்டை நகர்த்தி இடம் விட்டார். பெண்ணின் அப்பா ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டார். அப்பத்தா தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார்.

கெட்டிமேளத்துக்குச் சற்று முன்னால்தான் பனி விலகத் தொடங்கியது. மாப்பிள்ளைக்குப் பின்னால் மெல்ல மெல்ல ஏரி தெரிந்தது. காலையிலிருந்து காத்திருந்த காட்சி! ஆனால் போட்டோகிராபர் நின்ற இடத்திலிருந்து அப்பத்தா தெரியவில்லை. அவர் ஏரிக்கு முதுகைக் காட்டி எதிர்ப்பக்கம் போய் நின்றார். தாலி ஏறிய நேரத்தில் அவர் எடுத்த படத்தில் ஏரி இல்லை, மலை இல்லை. குனிந்த ஒரு தலை, அதன் மேல் அட்சதையோடு நடுங்கும் ஒரு கை.

அரை மணி நேரத்தில் ஏரி முழுசாகத் திறந்துகொண்டது. புதுத் தம்பதி மாலையோடு மிதிபடகில் ஏறினார்கள். அந்தப் படங்களும் அழகாக வந்தன. பெண்ணின் அப்பாவுக்குப் பரம திருப்தி.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கேமராத் திரையை அப்பத்தாவிடம் காட்டினார் போட்டோகிராபர். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார் அப்பத்தா.

"இதைப் பெருசாப் போட்டுக் குடு தம்பி. எங்க வீட்டுக்காரர் போட்டோவுக்குப் பக்கத்துல மாட்டணும்."