கண்ணை எடுக்காமல்

எங்களிடம் இருக்கிற லைக்கா எம்4-2, 1970களின் கடைசியில் வந்த ரேஞ்ச்பைண்டர் கமரா. அடித்தட்டைக் கழற்றி மோட்டர் வைண்டரைப் பூட்டினால், ஒவ்வொரு படத்துக்குப் பிறகும் பிலிம் தானாக நகரும். வேகத்துக்காகப் பூட்டவில்லை. செக்கனுக்கு 3 படமெண்டால் 36 படச் சுருள் 12 செக்கனில் முடிஞ்சிடும், எங்களுக்குக் கட்டாது.

எங்களில் இடக்கண்ணால் பார்க்கிறவர்களுக்கு, லீவரை இழுக்கேக்க பெருவிரல் முகத்தில் இடிக்கும். கமராவை இறக்கி ஏற்றுவதற்குள் எதிரில் நிற்பவரின் சிரிப்பு மாறிவிடும். வைண்டர் இருந்தால் கண்ணை எடுக்கத் தேவையில்லை.

ஆனால் சத்தம் போடும். கலியாணவீட்டு மேளத்துக்குள்ள அது கேக்காது, செத்தவீட்டில் கேக்கும். இடையில் கழற்றினால் பிலிமில் வெளிச்சம் பட்டுவிடலாம். அதனால் பிலிம் போடமுதலே யோசிக்க வேணும்: இண்டைக்கு யாருக்கு முன்னால் நிற்கப்போகிறோம்?