ஏழாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர்

ஹெல்சிங்கி விமான நிலையத்திலிருந்து டோக்கியோவின் நரித்தா விமான நிலையத்துக்கு ஏறக்குறைய 7,800 கிலோமீட்டர். தட்டையான வரைபடத்தில் பார்த்தால் ஜப்பான் கிழக்குக் கோடியில் கிடக்கும். உலக உருண்டையில் நூல் வைத்து இழுத்துப் பாருங்கள், நூலின் பெரும்பகுதி சைபீரியாவின் மேலேயே படியும். என்னைப் போன்ற வரைபடப் பைத்தியங்களுக்கு இது விளையாட்டு. ஃபின்லாந்தின் ஃபின்ஏர் நிறுவனத்துக்கோ இந்த நூல்தான் பிழைப்பாக இருந்தது. மேற்கு ஐரோப்பியப் பயணிகள் ஹெல்சிங்கி வந்து விமானம் மாறினால் அங்கிருந்து ஒன்பதரை மணி நேரத்தில் டோக்கியோ என்றிருந்தது. அதை நம்பித்தான் அவர்கள் ஆசியச் சேவைகளை வளர்த்தார்கள்.

2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் படையை அனுப்பியது. ஐரோப்பிய நாடுகள் ரஷ்ய விமானங்களுக்கு வானை மூட, பதிலுக்கு ரஷ்யாவும் 36 நாடுகளின் விமானங்களுக்கு மூடியது. இடையில் நின்றிருந்த ஃபின்ஏரின் டோக்கியோ விமானம் மார்ச் மாதம் மறுபடி கிளம்பியபோது பயணம் சுமார் 13 மணி நேரம் ஆகிவிட்டது. இரண்டு ஊரும் இருந்த இடத்தில்தான் இருந்தன.

ரஷ்யாவைச் சுற்றிப் போக இரண்டு வழி. தெற்கே இறங்கி, காக்கசஸ், கஜகஸ்தான், சீனா, கொரியா என்று போகலாம். இல்லையென்றால் நேரே வடதுருவம் ஏறி, அலாஸ்காப் பக்கமாக இறங்கி, பசிபிக் வழியே ஜப்பானைப் பிடிக்கலாம். உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று வேறு குறுக்கே வரும். அது முதுகில் தள்ளுமா, முகத்தில் அடிக்குமா என்பதையும் பார்த்துத்தான் வழியை முடிவு செய்ய வேண்டும். துருவத்தின் மேல் பறந்த பயணிகளுக்கு ஃபின்ஏர் சான்றிதழும் ஸ்டிக்கரும் கொடுத்தது. மூன்று நான்கு மணி நேரம் கூடுதலாக உட்கார வைத்ததற்குப் பாராட்டுப் பத்திரம்! நான் கிண்டல் செய்கிறேனே தவிர, கையில் கிடைத்தால் கண்ணாடி போட்டு மாட்டி வைத்திருப்பேன்.

இது புதுக்கதையும் அல்ல. சோவியத் காலத்திலும் சைபீரிய வான் எளிதில் திறக்கவில்லை. 1957-இல் ஸ்காண்டிநேவிய விமானம் கோபன்ஹேகனிலிருந்து அலாஸ்காவின் ஆங்கரேஜில் எண்ணெய் நிரப்பிக்கொண்டு துருவ வழியாக டோக்கியோ போனது. அதன்பின் பல வருடங்கள் ஐரோப்பாவும் ஜப்பானும் சந்திக்கும் இடமாக ஆங்கரேஜ் இருந்தது. இறங்கிக் காத்திருக்கும் ஜப்பானியருக்கு அங்கே சூடாக உடோன் நூடுல்ஸ் கிடைக்கும். 1983-இல் இதே ஃபின்ஏர், டிசி-10 விமானத்தில் எங்கும் நிற்காமல் துருவ வழியே டோக்கியோ போனது. அப்போதும் 13 மணி நேரம்தான்! பிறகு சோவியத் வான் திறந்தது, ஆங்கரேஜில் பயணிகள் கூட்டம் வடிந்தது. சரக்கு விமானங்களோ இன்றும் அங்கே இறங்கி ஏறுகின்றன.

நமக்கும் இதில் அனுபவம் உண்டு. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வானை இந்திய விமானங்களுக்கு மூடியதும், டெல்லியிலிருந்து அவற்றில் ஐரோப்பா போகிறவர்களின் பயண நேரம் நீண்டது.

அதனால் இரண்டு விமான நிலையங்களுக்கு நடுவே இத்தனை கிலோமீட்டர், இத்தனை மணி நேரம் என்று இணையத்தில் கிடைக்கும் கணக்கில் முதல் எண்ணை மட்டுமே நம்புகிறேன். இரண்டாவதற்கு, எந்த நாட்டு விமானம் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. சீன விமானங்களுக்கு ரஷ்யா வானை மூடவில்லை. ஐரோப்பாவிலிருந்து ஷாங்காய்க்கு அவற்றில் ஏறுகிறவர்கள் சைபீரியாவின் மேலேயே பறந்து, ஐரோப்பிய விமானத்தில் வருகிறவர்களுக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறார்கள்.