சாட்சிக்கு யார் துணை?

டி.வி. துப்பறியும் தொடர்களில் பயந்த சாட்சியைக் காப்பாற்ற ஒரு படையே வரும். நிஜத்தில் யார் வருவார்கள்?

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்தார்கள். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட்டிடம் அதே ஸ்டேஷனின் தலைமைக் காவலர் ரேவதி, லத்தியிலும் மேஜையிலும் ரத்தக்கறை இருப்பதைச் சொன்னார். கையெழுத்துப் போடப் பயந்தார், ஆனாலும் போட்டார். நம்ம மதுரை ஹைகோர்ட் கிளைதான் அவருக்குப் பாதுகாப்புத் தர உத்தரவிட்டது.

காக்கி போட்டவருக்கே பயம் என்றால், மூட்டை தூக்கும் என் அப்பாவுக்கு இருக்காதா? மார்க்கெட்டில் நடந்த ஒரு கத்திக்குத்தைக் கண்ணால் பார்த்தவர் அவர். கோர்ட் சம்மன் வந்தது. வீட்டில் படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான்; நான்தான் படித்துக் காட்டினேன். "நமக்கெதுக்குடா வம்பு? நாளைக்கும் அதே மார்க்கெட்லதான மூட்டை தூக்கணும்" என்றார். அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஆனால் வழி உண்டு. 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் ஏற்றுக்கொண்ட சாட்சிகள் பாதுகாப்புத் திட்டப்படி, மாவட்ட நீதிபதி தலைமையிலான குழுவிடம் மனுக் கொடுக்கலாம். ஆபத்து எவ்வளவு என்று போலீஸ் அறிக்கை தரும். அதைப் பார்த்து வீட்டுப் பக்கம் ரோந்து, கோர்ட்டுக்குப் போய்வரத் துணை என்று குழு உத்தரவிடும்.

அப்பாவுக்கு அந்த மனுவை நானே எழுதுகிறேன். உங்கள் தெருவிலும் கண்டதைச் சொல்லப் பயந்து ஒருவர் இருப்பார். "தைரியமா சொல்லுங்க" என்று உபதேசம் பண்ணுவது சுலபம். ஒரு வெள்ளைத்தாள் எடுத்து அவருக்கு மனு எழுதிக் கொடுங்கள். நாம் படித்த படிப்பு அதற்காவது உதவட்டும்!