மெல்பர்னில் ஒரு சனிக்கிழமை: மோக்கா, ஃபின், ஜெபனா, நம்ம ஃபில்டர்

மெல்பர்ன் என்றாலே காபிதான். சிட்டிக்குள் எந்தச் சந்தில் நுழைந்தாலும் எஸ்ப்ரெஸ்ஸோ மிஷின் சீறும் சத்தம் கேட்கும். ஆனால் இங்கே குடியேறி வந்த ஒவ்வொரு சமூகமும் வீட்டில் காபி போட தன் ஊர்ப் பாத்திரத்தையும் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறது. போன மாதம் ஒரு சனிக்கிழமை, 11 வயது மகளையும் 8 வயது மகனையும் கூட்டிக்கொண்டு அந்தப் பாத்திரங்களைப் பார்க்கக் கிளம்பினேன். மெல்பர்ன் வந்தால் நீங்களும் அரை நாளில் இதே சுற்றைப் போய் வரலாம்.

முதலில் கார்ல்டனில் உள்ள லைகன் ஸ்ட்ரீட். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த இத்தாலியர்களின் தெரு. அங்கே ஒரு பாத்திரக் கடையில் மோக்கா பாட் வரிசையாக அடுக்கியிருந்தது. 1933-இல் இத்தாலியில் பியாலெட்டி கொண்டுவந்த எட்டுப் பட்டை அலுமினியப் பாத்திரம் அது. கீழே தண்ணீர், நடுவில் காபிப் பொடி. அடுப்பில் வைத்தால் நீராவி அழுத்தத்தில் வெந்நீர் பொடி வழியாக மேலே ஏறிவிடும். "சோப்பு போட்டுக் கழுவாதீங்க, தண்ணி மட்டும் போதும்" என்றார் கடைக்கார அம்மா. பொடியை அமுக்கக் கூடாது, தீ சின்னதாக இருக்க வேண்டும், களகளவென்று சத்தம் வந்ததும் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் கசக்கும்.

அடுத்து, சிட்டியிலிருந்து ட்ரெயினில் சில நிமிடத்தில் ஃபுட்ஸ்க்ரே. இங்கே வியட்நாமியக் கடைகள் ஏராளம். ஃபின் என்ற சின்ன உலோக ஃபில்டரைக் கண்ணாடி டம்ளர் மேல் உட்கார வைத்துக் கொண்டுவந்தார்கள். கீழே டின் பால், அதன்மேல் சொட்டுச் சொட்டாகக் கறுப்புக் காபி. காபியை வியட்நாமுக்குக் கொண்டுபோனவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். அங்கே புதுப் பால் கிடைப்பது கஷ்டமாக இருந்ததால் டின் பால் வழக்கமாகிவிட்டது. மகன் குனிந்து பார்த்துவிட்டு, "அம்மா, இது பாட்டி வீட்டு ஃபில்டர் மாதிரியே இருக்கு!" என்றான். உண்மைதான். ஓட்டை போட்ட அடிப்பாகம், பொடியை அமுக்க ஒரு தட்டு, பிறகு காத்திருப்பது. இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

அதே ஃபுட்ஸ்க்ரேயில் எத்தியோப்பிய உணவகங்களும் உண்டு. காபியின் தாய்நாடே அதுதானே. பச்சைக் கொட்டையை நம் கண்முன்னே வறுத்து, புகையை முகர்ந்து பார்க்கத் தந்தார்கள். பிறகு இடித்து, ஜெபனா என்ற கழுத்து நீண்ட மண் குடுவையில் காய்ச்சி, பிடியில்லாத சின்னக் கிண்ணங்களில் மூன்று சுற்று ஊற்றுவார்கள். அபோல், தோனா, பரக்கா என்று ஒவ்வொரு சுற்றுக்கும் பெயர். மூன்றாவது ஆசீர்வாதச் சுற்று, அதற்கு முன்னால் எழுந்து போவது மரியாதையில்லை. எங்களுக்குக் கிண்ணம் கொண்டுவந்தது அந்த வீட்டுப் பெண், என் மகள் வயதுதான் இருக்கும். மூன்று பெயரையும் அவளே சொல்லிக் கொடுத்தாள்.

திரும்பி வரும்போது மகள் கேட்டாள்: "நம்ம காபியை நம்ம வீட்ல யாரு போடுவாங்க?"

யாரும் இல்லை என்பதுதான் பதில். 1986-இல் கும்பகோணத்திலிருந்து அம்மா கொண்டுவந்த ஃபில்டர், க்ளென் வேவர்லியில் அவர் வீட்டு அலமாரியில் இருக்கிறது. விரல் மூட்டுவலி வந்ததிலிருந்து அம்மாவே இன்ஸ்டன்ட்டுக்கு மாறிட்டாங்க. என் மாமியார் யாழ்ப்பாணம். "பிள்ளை, கோப்பி குடிக்கிறியோ?" என்று கேட்டு, மல்லியும் சுக்கும் சேர்த்து இடித்த கோப்பி தருவார். அந்தக் கைப்பக்குவமும் அவரோடுதான் இருக்கிறது.

நம்ம காபி ஒன்றும் சங்க காலத்துச் சமாசாரம் இல்லை. தமிழ்நாட்டு நடுத்தர வீடுகளில் அது பரவியது 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான். அதற்கு முன் காலையில் நீராகாரம். ஆ. இரா. வேங்கடாசலபதியின் ஒரு புத்தகத்தின் பெயரே 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்றுதான் தொடங்கும். இலங்கைத் தோட்டங்களிலும் முதலில் காபிதான். 1869-இல் தலைகாட்டிய இலைத்துரு நோய் அதை அழித்த பிறகே தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. தினமும் போட்டுக் குடித்ததால்தான் நாலைந்து தலைமுறையில் காபி நம்மளோடது ஆனது. போடாமல் விட்டால் போய்விடவும் அவ்வளவு காலம்கூட ஆகாது.

மறுநாள் அம்மா வீட்டில் ஃபில்டர் இறங்கியது. அம்மா நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல, பேத்தி செய்தாள். நாலு பேருக்கு 30 கிராம் பொடி, அதில் ஐந்தில் ஒரு பங்கு சிக்கரி. எஸ்ப்ரெஸ்ஸோவுக்கு அரைப்பதைவிடக் கொஞ்சம் கொரகொரப்பு. மேல் பாத்திரத்தில் பொடியைப் போட்டு, குடைத் தட்டால் லேசாக அமுக்கணும். கொதித்து இறக்கிய தண்ணீர் 200 மில்லி. முதலில் கொஞ்சம் விட்டு, பொடி ஊறிய பிறகு மீதியை ஊற்றணும் (அதை நான் ஊற்றினேன்). மூடி வைத்துவிட்டு அரை மணி நேரம் தொடக் கூடாது. "தட்டாதே, அதுவா இறங்கும்" என்று அம்மா மூன்று தடவை சொன்னார். பாலைச் சுண்டக் காய்ச்ச வேண்டாம், பொங்கினதும் உடனே டிகாக்‌ஷனில் கலந்தால் போதும். டிகாக்‌ஷனை மட்டும் மறுபடி சூடு பண்ணவே கூடாது. பேரன் டபராவில் ஆற்றுகிறேன் என்று கேட்டான். ஆறின பாலைக் கொடுத்துப் பழகச் சொன்னோம்.

காத்திருந்த அந்த அரை மணியில், கும்பகோணத்து வீட்டில் விடிகாலையில் கொட்டை வறுத்த கதையை அம்மா சொன்னார். நானே அதுவரை கேட்டதில்லை. இப்போது ஞாயிறு காலை பாட்டி வீடு, மாதக் கடைசி ஞாயிறு அப்பம்மா வீட்டு மல்லிக் கோப்பி என்று பிள்ளைகளே முடிவு பண்ணிட்டாங்க. பெயர்களையும் தமிழிலேயே நோட்டில் எழுதி வைக்கிறார்கள்.

முதல் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு அம்மா சொன்னது இதுதான்: "டிகாக்‌ஷன் சரியா இருக்குடி கண்ணு. அடுத்த வாரம் சர்க்கரையைக் கொஞ்சம் குறை."