உப்பு தின்ன வண்டி

எங்க டாடா 407-க்கு என்னைவிட வயசு அதிகம் மக்களே! திருப்பூர் சாயப்பட்டறைகளுக்கு உப்பு மூட்டை ஏத்தியே தேய்ஞ்ச வண்டி. பருத்தித் துணியில சாயம் ஏற உப்பு வேணும். அந்த உப்புக் கழிவு நொய்யலைக் கெடுத்துத்தான் 2011-ல் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளையே மூடச் சொன்னது. ஆத்துக்கே அந்தக் கதின்னா, சேசிஸ் எம்மாத்திரம்?

எஃப்சிக்கு முன்னாடி பெயின்ட் அடிச்சுக்கலாம்னாரு அப்பா. நான் கீழே படுத்து சுத்தியால தட்டினேன். நல்ல இடம் 'டங்'குன்னுச்சு. பின்பக்க ஸ்பிரிங் பிராக்கெட்கிட்ட 'தப்'புன்னு பொரை பொரையா உதிர்ந்து ஓட்டை. அதுமேல பெயின்ட் பூசினா ஓட்டை மறையும், அரிப்பு நிக்காது. அரிச்சதை வெட்டி, தகடு வச்சு வெல்டிங், அப்புறம் ரெட் ஆக்சைடு.

"உன் ஃபீஸ் பணம்டா அது."

"லோடோட ஓட்டறது நீங்கதானுங்கப்பா."

அப்புறம் அவர் பேசல. ஃபீஸ் இன்னும் கட்டலை.