தறிக்குழியும் கலகமும்

ஆரணியில் பட்டுத்தறி ஓடும் வீட்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது நெசவாளரின் முதுகுதான். தறிக்குழிக்குள் கால்களை இறக்கி உட்கார்ந்திருப்பார். கால் மிதியை அழுத்தும், கை கயிற்றைச் சுண்டும், நாடா பாவுக்குள் பாய்ந்து மறுபக்கம் போய் நிற்கும். இழை ஒன்று அறுந்தால் தறி நின்றுவிடும். அறுந்த முனைகளை விரலால் முறுக்கிச் சேர்த்துவிட்டு மறுபடி மிதிப்பார்.

தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி. எந்தப் பூ எங்கே விழ வேண்டும் என்பதை அதில் கோத்திருக்கும் அட்டைகளின் ஓட்டைகள் முடிவு செய்துவிடும். நெய்கிறவர் ஆசைப்பட்டாலும் ஒரு புட்டாவை இடம் மாற்ற முடியாது. பட்டும் ஜரிகையும் முதலாளி எடைபோட்டுக் கொடுத்தவை. முடிந்த சேலையும் எடைக்குப் பிறகே கூலியாக மாறும். முன்பணம் வாங்கியிருந்தால், அது அடையும்வரை வேறிடம் போவதும் லேசில்லை.

இப்படி அங்குலம் அங்குலமாகக் கட்டுப்பட்ட தொழிலிலிருந்து வந்தவர்களா கலகம் பேசினார்கள் என்று வியப்பு வரும். மௌல்வியையும் பண்டிதரையும் ஒருசேரக் கேள்வி கேட்ட காசி கபீர் நெசவாளர். கன்னட வசனக் கவிஞர் ஜேடர தாசிமய்யாவுக்குப் பெயரிலேயே நெசவு இருக்கிறது; உயிருக்கு ஆண், பெண் பேதம் ஏது என்று கேட்டவர் அவர். கலகம் பேசிய இருவருக்கும் தறியே சோறு போட்டது.

கதைகளுக்கு வந்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. 1844இல் சைலீசியாவில் நடந்த நெசவாளர் கிளர்ச்சியை வைத்து ஜெர்மானியர் கெர்ஹார்ட் ஹாப்ட்மன் 1892இல் 'நெசவாளர்கள்' என்ற நாடகத்தை எழுதினார். பெர்லின் காவல்துறை அதை மேடையேற்றத் தடை போட்டது. அதில் ஹில்சே என்றொரு கிழவர். ஊரே கிளம்பினாலும் கடவுள் தந்த வேலையை விட்டு வரமாட்டேன் என்று தறியிலேயே உட்கார்ந்திருக்கிறார். சிப்பாய்கள் சுட்ட குண்டு ஜன்னல் வழியாக வந்து அவரைத்தான் கொல்கிறது. அடங்கியிருந்தவருக்கும் பாதுகாப்பு இல்லை.

நம்மூரில் தொ.மு.சி. ரகுநாதன் 1953இல் 'பஞ்சும் பசியும்' எழுதினார். அம்பாசமுத்திரம் பக்கத்துக் கைத்தறியாளர்களின் பட்டினியும் அவர்கள் திரண்டு எழுவதும் அதில் கதையாயின. கோபம் நேராகப் பேசும் நாவல். கும்பகோணத்து எம்.வி. வெங்கட்ராம் வேறு வழியில் போனார். பட்டு ஜரிகை வியாபாரம் செய்த அவர், தன் சௌராஷ்டிர சமூகத்து நெசவாளர் வீட்டுக்குள்ளேயே 'வேள்வித் தீ'யை மூட்டினார். அந்த நாவலில் தொழிலில் தலைநிமிர்கிற மனிதன் குடும்பத்தில் தடுமாறுகிறான்.

ஆனால் எதிர்ப்பும் பணிவும் ஒருவருக்குள்ளேயே இருக்கும் இரட்டை நிலையை மனதில் அறைந்தாற்போலச் சொன்னது ஒரு திரைப்படம். பிரியதர்ஷனின் 'காஞ்சிவரம்', 2007ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. மகளைப் பட்டுச்சேலையில் கட்டிக்கொடுப்பேன் என்று வாக்குக் கொடுத்த வேங்கடம், முதலாளி வீட்டுப் பட்டு நூலை வாய்க்குள் அடக்கிக் கடத்தி வருகிறான். இரவில் யாருக்கும் தெரியாமல் நெய்கிறான். அதே வேங்கடம்தான் கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தத்துக்குத் தலைமை தாங்குகிறான். தறி நின்றால் நூல் ஏது? கல்யாண நாள் நெருங்கியதும் போராட்டத்தை அவனே முடித்து வைக்கிறான். ஊருக்காக எதிர்த்தவன், வீட்டுக்காக அடங்குகிறான். அடங்கிக்கொண்டே திருடவும் செய்கிறான். கடைசியில் இறந்துபோன மகளைப் போர்த்த அந்த அரைகுறைச் சேலை எட்டவில்லை.

எதிர்த்தவன் வீரன், பணிந்தவன் கோழை என்று கோடு கிழிப்பது தறி வீட்டை வெளியிலிருந்து பார்ப்பவரின் எழுத்து. பள்ளிக் கட்டணமும் முன்பணக் கணக்கும் தெரிந்தவருக்கு, பணிவுக்குள் எவ்வளவு கோபம் அடைந்து கிடக்கிறது என்பதும் தெரியும்.

ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. ஊரிலோ விசைத்தறியோடு போட்டி. அப்பா தறியில் இருக்க, பிள்ளை வேறு வேலை தேடிப் பேருந்து ஏறுகிறான். அந்தப் பிள்ளை கிளம்பிப் போவது கலகமா, அப்பா தறியிலேயே உட்கார்ந்திருப்பது கலகமா? தறிச் சத்தத்தில் தூங்கி எழுந்து வளர்ந்த ஆரணிப் பிள்ளைகள் யாராவது இதை எழுத வேண்டும். அப்பாக்கள் இன்னும் தறியில் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்டு எழுதுங்கள்.