நாரின் வழி

வில்லைப் பற்றி எழுதியோர் பலர். அம்பைப் பற்றி எழுதியோர் சிலர். அம்பிலும், முனைக்கும் இறகுக்கும் இடையே கிடக்கும் வெறுங்கோலைப் பற்றி எழுதியோர் மிகச் சிலரே. முனை தைப்பது, இறகு வழிநடத்துவது, ஆதலால் அவை கண்ணைக் கவர்கின்றன. கோலோ வெறும் குச்சி. ஆயினும் நாண் விடுபடும் கணத்தில் வில்லின் விசை முழுவதும் வந்து பாய்வது அந்தக் குச்சியின் மீதே. ஐம்பது இறாத்தல் இழுவிசையுள்ள வில்லொன்றின் நாண் அதனைப் பின்னிருந்து தள்ளுகையில், முன்னே முனையின் பாரம் அசைய மறுத்து நிற்கிறது. இரண்டுக்குமிடையே அகப்பட்ட கோல் வளைந்து கொடுத்தல் வேண்டும். அன்றேல் முறிதல் வேண்டும். முறிந்தால் அதன் கூரிய பின்பாதி தைப்பது வில்லைப் பற்றியிருக்கும் கையில். அம்புக்கோல் செய்பவன் அறிய வேண்டிய முதற் செய்தி இதுவே. அவன் உளியெடுத்து வேலை தொடங்குவது அந்தக் கையை மனத்திற் கொண்டே.

அலுமினியக் குழாய்களும் காபன் இழைக் கோல்களும் ஒரே அளவினவாய்க் கடைகளில் அடுக்கப்பட்டிருக்கும் இந்நாளிலும், இங்கிலாந்திலும் வட அமெரிக்காவிலும் வில்லைப் பொழுதுபோக்காகப் பயில்வோர் சிலர் மரக்கோலையே நாடுகின்றனர். அவருள்ளும் சிலர், ஆலையில் உருட்டியெடுத்த கோலை வாங்காது, மரக்கட்டையிலிருந்து தாமே சீவிக்கொள்கின்றனர். இவர்களைப் பழமை விரும்பிகள் என்று எளிதில் ஒதுக்கிவிடலாம். ஒதுக்குவோர் அவர்தம் கொட்டிலில் ஒரு பகற்பொழுதையேனும் கழித்தவரல்லர் என்பது திண்ணம்.

எந்த மரம் ஏற்றது என்னும் வினா பழையது. 1545 இல் றொஜர் அஸ்கம் வெளியிட்ட ‘ரொக்சோபிலஸ்’ வில்வித்தை குறித்து ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் நூல். பின்னாளில் எலிசபெத் இளவரசிக்கு ஆசிரியராய் அமைந்த அவர், அம்புக்கோலுக்கு எடுக்கப்படும் மரங்களெனப் பதினைந்தினை அடுக்கிச் செல்கிறார். போர் அம்புக்கு ஆஷ் மரமே சிறந்ததென்பது அவர் முடிபு. அதே ஆண்டு யூலை மாதத்தில் எட்டாம் ஹென்றியின் போர்க்கப்பலான ‘மேரி றோஸ்’ இங்கிலாந்தின் தென்கரையை அடுத்து மூழ்கியது. அதன் உடலம் 1982 இல் மேலே கொணரப்பட்டது. அகழ்வின்போது 3,500 க்கு மேற்பட்ட அம்புகள் கிடைத்தன. அவற்றுட் பெரும்பாலானவை ஆஷ் அல்ல, பொப்லர். அறிஞர் விதித்தது ஒன்று. அரசன் கப்பலில் ஏறியது மற்றொன்று. நூலுக்கும் பட்டறைக்கும் இடையே இத்தகைய தூரம் எக்காலத்தும் உண்டு போலும்.

பொப்லர் இனத்தைச் சேர்ந்த ஆஸ்பென் மரத்துக்காக ஒரு சட்டமே எழுந்தது. மரமிதியடி செய்வோர் ஆஸ்பெனைத் தொடலாகாது, அது அம்பு செய்வோருக்கே உரியது என 1416 இல் ஐந்தாம் ஹென்றியின் காலத்துச் சட்டம் விதித்தது. மிதியடித் தொழிலாளர் முறையிட்டதன் பேரில், அரை நூற்றாண்டளவு கழிந்தபின், அம்புக்கு உதவாத ஆஸ்பெனை அவர்கள் எடுத்துக்கொள்ளலாம் என்று விதி தளர்த்தப்பட்டது. உதவுவது எது, உதவாதது எது எனப் பிரித்தறியும் கண் அந்நாளிற் பட்டறைகளில் இருந்ததென்பதற்கு இத்தளர்வே சான்று.

அஸ்கத்தின் பட்டியலில் ஸ்புறூஸ் இல்லை. இன்று கோல் செய்வோர் விரும்பும் சிற்கா ஸ்புறூஸ், அலாஸ்கா முதல் வட கலிபோர்ணியா வரை பசுபிக் கரையோர ஈரக்காடுகளில் வளர்வது. 1831 இலேயே அதன் விதை பிரித்தானியாவுக்கு வந்து சேர்ந்தது. அதன் சிறப்பினை வில்லாளருக்கு முன்னரே விமானம் செய்தோர் நன்கறிந்திருந்தனர். எடை குறைவு; எடைக்கேற்ற விறைப்போ மிக அதிகம். ஆஷ் மரத்தின் எடையில் ஏறத்தாழ மூன்றிலிரண்டு பங்கே இருந்தும், விறைப்பில் அதற்குப் பெரிதும் பின்னிடுவதில்லை. முதலாம் உலகப் போரில் விமானச் சட்டங்களுக்கு இம்மரம் போதாமற்போகவே, 1917 இல் அமெரிக்க இராணுவம் ஒரேகன், வாஷிங்ரன் காடுகளுக்குப் படையினரை அனுப்பி மரம் வெட்டுவித்தது. பியானோவின் ஒலிப்பலகையும் ஸ்புறூஸே. பறப்பதற்கும் பாடுவதற்கும் ஒரே மரம் ஏற்றதாயிருப்பது தற்செயலன்று. இரண்டுக்கும் வேண்டுவது இலேசான விறைப்பு.

ஆயினும் ஸ்புறூஸ் என்னும் பெயர் மட்டும் போதாது. ஸ்கொற்லாந்தின் மலைச்சரிவுகளில் இன்று இம்மரம் பெருந்தோட்டங்களாய் நிற்கிறது. விரைந்து வளரும் அம்மரங்களின் ஆண்டு வளையங்கள் அகன்று, மரம் மென்மையாய் இருக்கும். கோல் செய்பவன் தேடுவது மெல்ல வளர்ந்து வளையங்கள் நெருங்கிய மரத்தை. சாய்ந்து நின்ற மரத்தையும் அவன் விலக்குவான். ஊசியிலை மரம் சாய்ந்து வளர்கையில், தன்னைத் தாங்கிக்கொள்ளும் பொருட்டுக் கீழ்ப்புறத்தில் செந்நிறம் தோய்ந்த கனத்த மரத்தை உண்டாக்குகிறது. அது பார்வைக்கு வலியது. ஆனால் உலரும்போது நெடுக்குவாக்கிற் சுருங்கிக் கோலை வளைத்துவிடும். வளைக்கும்போதோ முன்னறிவிப்பின்றிப் பட்டென முறியும்.

கட்டையைக் கோல்களாக்குவதற்கு இரு வழிகள் உள. ஒன்று வாளால் அரிவது, மற்றது பிளப்பது. வாள் தான் செல்லும் வழியிற் செல்லும். மரத்தின் நார் எவ்வழி சென்றாலும் அதற்குக் கவலையில்லை. அரிந்த துண்டு கண்ணுக்கு அம்சமாக நேராயிருக்கும். உள்ளே நார்கள் சாய்வாய் ஓடிப் பக்கத்திலே வெளியேறும். அப்படி நார் வெளியேறும் இடமே முறியும் இடம். பிளப்பவனோ கைப்பிடி நிமிர்ந்து நிற்கும் மழுங்கிய அலகினைக் கட்டையின் தலையிற் பொருத்திக் கொட்டாப்புளியால் ஓர் அடி அடிக்கிறான். பின் கைப்பிடியை நெம்புகிறான். மரம் தான் விரும்பிய வழியே திறக்கிறது. நார் நேரானதாயின் பிளவும் நேராகும். திருகியதாயின் பிளவும் திருகும். பிளந்த துண்டு அழகற்றது, சொரசொரப்பானது; ஆனால் பொய் சொல்லாதது. கோலின் நேர்மை அதன் புறவடிவில் இல்லை, நாரில் உள்ளது என்பதைக் கற்க ஒரு கட்டையைப் பிளந்தாற் போதும். திருகிப் பிளந்த கட்டையை அடுப்புக்கு அனுப்புவதைத் தவிர வேறு வழியில்லை என்பதையும் அதுவே கற்பிக்கும். இதனை விரயம் என்போர், அக்கட்டையிலிருந்து வாளால் அரிந்த கோலைத் தாமே எய்து பார்த்தல் நன்று.

பிளந்த துண்டுகள் உடனே கோலாவதில்லை. பச்சை மரத்தின் நீர், முதலில் நுண்குழாய்களின் உள்வெளியிலிருந்து நீங்குகிறது. அப்போது மரம் சுருங்குவதில்லை. ஈரப்பதன் ஏறத்தாழ முப்பது வீதத்திற்குக் கீழிறங்கி, குழாய்களின் சுவரிலுள்ள நீரும் நீங்கத் தொடங்கியதும் சுருக்கம் ஏற்படுகிறது. வளையங்களின் போக்கிற் சுருங்குவது, மையத்திலிருந்து புறநோக்கிச் சுருங்குவதைப் போல் ஏறத்தாழ இருமடங்கு. துண்டுகள் கோணுவதற்கு இதுவே பெருங்காரணம். எனவே அவன் நுனிகளில் மெழுகு பூசி, இடையிடையே குச்சி வைத்து, கூரையின் கீழ்க் காற்றோடும் இடத்தில் அடுக்கி வைக்கிறான். கனம் ஓர் அங்குலத்திற்கு ஓராண்டு என்பது தச்சர் வழக்கு. அவ்வாண்டு முழுவதும் செய்வதற்கு ஒன்றுமில்லை, பொறுத்திருப்பதே வேலை. கோணப்போவன யாவும் கோலாகுமுன்னரே கோணிவிடட்டும் என்பதே இக்காத்திருப்பின் நோக்கம். உலர்ந்த துண்டைக் கல்லிலே தட்டினால் ஓசை கணீரென்று எழும். ஈரமுள்ளது மந்தமாய் ஒலிக்கும்.

சீவும் வேலை விவரிக்க எளிது. நீண்ட பலகையொன்றிற் பள்ளம் வெட்டி, அதன் முடிவில் ஒரு தடை வைத்து, துண்டினை அதிற் கிடத்திச் சீவுளியாற் சதுரமாக்க வேண்டும். பின் நான்கு மூலைகளையும் சீவ எட்டுப் பட்டம். எட்டினைச் சீவப் பதினாறு. அதன்பின் அரத்தாளை உள்ளங்கையில் மடித்துக் கோலை அதனூடே இழுத்து உருட்ட, பட்டங்கள் மறைந்து வட்டமாகும். ஈற்றில் எஞ்சுவது 11/32 அங்குலமோ 5/16 அங்குலமோ தடிப்புள்ள கோல். எளிய வேலைதான், ஆயினும் சீவுளியின் அலகு நாருக்கு எதிரே சென்றால் மரம் பிய்ந்து எழும். அப்போது துண்டினைத் திருப்பிப் போட்டு மறுமுனையிலிருந்து சீவ வேண்டும். நாரின் சாய்வைக் கண் காணத் தவறிய இடத்தில் கை கண்டுகொள்கிறது.

எளிதல்லாதது அடுத்து வருவது. கோல் இன்ன வில்லுக்கு ஏற்ற அளவு வளைதல் வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மரவில்லில் அம்பு வில்லின் நடுவே நிற்பதில்லை. ஒரு பக்கத்திற் சார்ந்து நிற்கிறது. ஆகவே அது குறியை நோக்காது சற்று விலகியே நோக்குகிறது. எனினும் குறியிற் சென்று தைக்கிறது. இது எவ்வாறு என்பது நெடுங்காலம் புதிராயிருந்தது. 1930களில் அமெரிக்கரான கிளாரன்ஸ் ஹிக்மன், போல் குளொப்ஸ்ரெக் முதலிய இயற்பியலாளர் வில்லினை ஆய்வுக்குட்படுத்தினர். அதிவிரைவுப் படங்கள் உண்மையைக் காட்டின. நாண் தள்ளியதும் கோல் பாம்பென நெளிகிறது. நெளிந்து வில்லின் தண்டைச் சுற்றிக்கொண்டு, அதனைத் தீண்டாமலே கடக்கிறது. கடந்தபின் அதிர்வு தணிந்து நேராகிறது. வலக்கையால் நாண் இழுப்பவனுக்குக் கோல் மிக விறைப்பாயின் அம்பு இடப்பக்கம் விலகும். மிக மெல்லியதாயின் வலப்பக்கம் விலகும். வள்ளுவர் கணையின் செவ்வையையும் யாழின் வளைவையும் ஒருங்கு வைத்துச் செயலே அளவுகோல் என்றார். செவ்விதென அவர் எடுத்துக்காட்டிய கணையும் பறக்கும்போது வளைந்தே செல்கிறது என்னும் செய்தி அக்குறளின் கருத்துக்கு ஊறு செய்யாது. ஒருவேளை அதற்கு அரண் சேர்க்கவும் கூடும்.

வளைவை அளக்கும் முறையும் உண்டு. 26 அங்குல இடைவெளியில் இரு முளைகள் மீது கோலைக் கிடத்தி, நடுவே இரண்டு இறாத்தல் பாரத்தைத் தொங்கவிட வேண்டும். கோல் அரை அங்குலம் தாழ்ந்தால், 26 ஐ அரையால் வகுக்க வரும் 52 இறாத்தல் வில்லுக்கு அது ஏற்றது எனக் கொள்வர். இங்கே ஒரு கணக்கு கோல் செய்பவனை ஓயாது துன்புறுத்துகிறது. விறைப்பு, தடிப்பின் நான்காம் அடுக்கோடு மாறுவது. 5/16 அங்குலக் கோலினும் 11/32 அங்குலக் கோல் தடிப்பிற் பத்தில் ஒரு பங்கே மிகுந்தது. எடையில் 21 வீதம் மிகும். விறைப்பிலோ 46 வீதம் மிகும். அரத்தாளைக் கூட நாலு முறை இழுத்தால் அளவு தப்பிவிடும். தப்பியதை மீட்க இயலாது. அவன் இழுப்பான், அளப்பான். மீண்டும் இழுப்பான், மீண்டும் அளப்பான். பன்னிரண்டு கோல்கள் தம்முள் ஒத்திருந்தாலன்றி ஒரு கட்டு ஆகா. ஒரு கோல் எவ்வளவு நல்லதாயினும் மற்றைப் பதினொன்றோடு ஒவ்வாதாயின் அதனால் வில்லாளனுக்குப் பயனில்லை.

சிறு கோணல்களைச் சூட்டினால் நிமிர்த்தலாம். இதனைச் செவ்வனே செய்தவருள் எழுத்திற் பதிவானவர் இஷி. கலிபோர்ணியாவின் யாகி மக்களுள் எஞ்சிய ஒருவராய் 1911 இல் ஓரோவில் நகரருகே வெளிப்பட்டார். 1916 இல் மறைந்தார். ‘இஷி’ என்பது அவருடைய மொழியில் மனிதன் என்று பொருள்படும் சொல். தம் இயற்பெயரை அவர் எவருக்கும் சொல்லவில்லை. பல்கலைக்கழக மருத்துவரான சாக்ஸ்ரன் போப் அவரிடம் வில்லையும் அம்பையும் கற்று 1923 இல் நூலாக்கினார். அதில் இஷி கோல் நிமிர்த்தும் முறை பதிவாகியுள்ளது. உட்குழிந்த பக்கத்தைத் தணலருகே காட்டிச் சூடேற்றி, எதிர்ப்புறத்தைக் காற்பெருவிரலால் அழுத்துவார். அல்லது பெருவிரலடியில் வைத்துப் பின்னோக்கி வளைப்பார். ஒற்றைக் கண்ணால் கோலின் நெடுகே நோக்குவார். ஐந்தைந்தாகவே அம்பு செய்வார். அவர் எடுத்தது ஸ்புறூஸ் அன்று, காட்டுக் குச்சி. எனினும் இன்று கொட்டிலில் இருப்பவன் தன் கோலை அடுப்பின் மேற் காட்டி, விரலால் அழுத்தி, கண்ணருகே உயர்த்திப் பார்க்கும்போது செய்வது அதையே. அந்த ஒரு மனிதரிடம் எஞ்சியிருந்த கைப்பழக்கம் அவரோடு போகாமல் நின்றதற்கு ஒரு மருத்துவர் வேலை நேரம் போக மிகுந்த பொழுதில் அவரருகே அமர்ந்திருந்ததே காரணம். ஏனைய எத்தனையோ குலங்களின் அம்புகள் அருங்காட்சியகங்களில் உள. அவற்றைச் செய்த விரல்களின் அசைவு எங்கும் இல்லை.

நாண் பொருந்தும் பிளவினை வெட்டுவது இறுதிக்கு முந்திய வேலை. வளையங்களுக்குக் குறுக்கே அதனை வெட்ட வேண்டும்; வளையங்களின் போக்கில் வெட்டினால் நாணே கோலைப் பிளந்துவிடும். எவ்வளவு தேர்ந்த கோலிலும் நார் எங்கேனும் சிறிது சாய்ந்திருக்கும். அச்சாய்வு முன்னோக்கி மேலேறும் பக்கம் மேலே வருமாறு பார்த்து வெட்டுவான். அவ்வாறமைந்த கோல் ஒருவேளை முறிந்தாலும், பின்பாதி முன்பாதியின் மேல் வழுக்கி ஏறிக் கைக்கு மேலாகச் செல்லும். முறியாதென்று நம்பியவன் இந்த முன்னேற்பாட்டைச் செய்ய மாட்டான்.

இறகு ஒட்டுமுன் ஒவ்வொரு கோலையும் இரு கைகளாலும் பற்றி, நாற்புறமும் வளைத்து, செவியருகே வைத்துக் கேட்கிறான். ஓராண்டு உலர்த்தி, பல நாள் சீவி, அளந்து, நிமிர்த்திய கோல் அது. மெல்லிய நொறுக்கொலி ஒன்று எழுகிறது. வெளியே கீறல் எதுவும் தெரியவில்லை. வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தாலும் தெரியவில்லை. மற்றொரு முறை வளைக்கிறான். ஒலி மீண்டும் எழுகிறது. கோலை முழங்காலில் வைத்து முறித்து, அடுப்பருகே குவிந்து கிடக்கும் சீவல்களின் மேற் போட்டுவிட்டு, அடுத்த கோலை எடுக்கிறான்.